வீட்டு வேலைக்கு எந்த ட்ரில் எடுக்கிறது? மொதல்ல உங்க செவுத்த தட்டி பாருங்க

தம்பி, நீங்க எழுதுனத ரெண்டு தரம் வாசிச்சேன். தலவாக்கலை பக்கம் தோட்டத்து லயத்துல, அதான் வரிசை வீட்டுல இருந்து இப்பதான் 7 பேர்ச் காணியில கட்டின தனி வீட்டுக்கு வந்திருக்கீங்க. நாலு ஜன்னலுக்கு கர்ட்டன் ரொட் போடணும், குசினியில தட்டு அடிக்கணும், டீவிய செவுத்துல மாட்டணும், பொறத்தால தகரம் போட்டு சின்னதா ஒரு வெறகு கொட்டில் கட்டணும், அதோட இன்னும் பழைய லயத்துலயே இருக்கிற பெரியம்மாவோட காம்பராவுக்கு (லயத்து அறைக்கு) சாமி தட்டு ஒன்னு. கடைக்காரர் 48 வோல்ட் பேட்டரி ட்ரில் பொட்டியோட தாறேங்கிறாரு, கூட்டாளி கொங்கிரீட்ட அடிச்சு தொளைக்கிற எஸ்டிஎஸ் ட்ரில் எடுங்கிறாரு, கொழும்புல வேல செய்ற மச்சான் நல்ல பேர் உள்ள 12 வோல்ட் பேட்டரி ட்ரில் போதும்ங்கிறாரு. மூனு பேரும் மூனு பக்கம் இழுக்கிறாங்க, நீங்க எத எடுக்கிறதுன்னு கேக்குறீங்க.

முடிவ மொதல்லயே சொல்லிர்றேன். உங்க வேலைக்கு கரண்ட்ல ஓடுற, 13 எம்எம் சக் (பிட்ட கவ்வி புடிக்கிற வாய்) உள்ள இம்பெக்ட் ட்ரில் ஒன்னு எடுங்க, 600ல இருந்து 750 வாட்டுக்குள்ள, சுவிட்ச அமுக்குற அளவுக்கு வேகம் கூடி கொறையணும், ரிவர்ஸ் இருக்கணும், பக்கத்து கைப்பிடி இருக்கணும். மிச்சமாகுற சல்லிய நல்ல பிட்டுக்கு, அதான் முன்னால மாட்டுற தொளைக்கிற கம்பிக்கு போடுங்க. இப்ப காரணம்.

நான் ஹட்டன்ல ஹாட்வெயார் கடை கவுண்டர்ல பதினாலு வருஷம் நின்னேன், இப்ப அலுமினியம் பார்ட்டிஷன், கர்ட்டன் ரொட் பொருத்துற வேல. கவுண்டர்ல நின்ன காலத்துல கவனிச்சது என்னன்னா, வாறவங்க எல்லாருமே ட்ரில்ல பத்தித்தான் கேப்பாங்க, அவங்க வீட்டு செவுரு என்ன செவுருன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க, விக்கிறவங்களும் கேக்க மாட்டாங்க. அம்மா அப்பா மழையில நனஞ்சு கொழுந்தெடுத்து, நாள் சம்பளத்துக்கு பேர் போட்டு சேத்த காசு அது, அத கொண்டு வந்து பொட்டியில இருக்கிற ஸ்டிக்கர பாத்து குடுத்துட்டு போறத பாத்தா எனக்கு மனசு கேக்காது. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

டவுனுக்கு எறங்குறதுக்கு முன்ன வீட்டுக்குள்ள ஒரு சுத்து நடங்க. விரல மடக்கி செவுத்துல தட்டிக்கிட்டே போங்க. புளொக் கல்லு வெச்ச எடத்துல ஒரு மாதிரி கூடு சத்தம் வரும், ஏன்னா நெறைய புளொக் கல்லுக்கு உள்ளுக்கு பொந்து இருக்கு. அப்பிடியே ஜன்னலுக்கு மேல கைய கொண்டு போய் தட்டுங்க, சத்தம் மாறும், இறுகி கெட்டியா வரும், விரலு வலிக்கும். அதுதான் லின்டல், கொங்கிரீட், உள்ளுக்கு கம்பி ஓடுது. கர்ட்டன் ரொட் எங்க போடுவீங்க? ஜன்னலுக்கு மேல. அப்ப வீட்டுலயே லேசான சாமான மாட்டுறதுக்கு வீட்டுலயே இறுகுன எடத்துல ஓட்ட போடணும். "புது ட்ரில்லு அண்ணே, ஒரு ஓட்ட கூட உழுகல"ன்னு கடைக்கு திருப்பி கொண்டு வந்தவங்க முக்காவாசி பேரு கர்ட்டன் ரொட் போடப்போனவங்கதான். ட்ரில்லுல பிழை இல்ல, லின்டலுக்கு ஏத்த ட்ரில் இல்ல அது, இல்லாட்டி பிட்டு மொட்டையாகி இருக்கும்.

இப்ப மூனு வகை ட்ரில்லும் உள்ளுக்கு எப்பிடி வேல செய்யுதுன்னு தெரிஞ்சா நீங்களே முடிவு பண்ணிருவீங்க. சாதாரண ட்ரில் வெறுமனே சுத்தும், மரம் தகரம் இரும்புக்கு அது போதும், செவுத்துக்கு காணாது. இம்பெக்ட் ட்ரில்லுல சுத்தியல் படம் போட்ட ஒரு பொத்தான் இருக்கும், அத அந்தப்பக்கம் தள்ளுனா உள்ளுக்குள்ள பல்லு வெட்டுன ரெண்டு வட்டு ஒன்னு மேல ஒன்னு ஒரசி பல்லு ஏறி எறங்கும், அதனால பிட்டு சுத்திக்கிட்டே நிமிஷத்துக்கு பத்தாயிரக்கணக்குல சின்ன சின்னதா குத்தும். குத்து வேகமானது, ஆனா பலம் கொறைவு, அந்த பலம் நீங்க கையால தள்ளுறதுல இருந்துதான் வருது. எஸ்டிஎஸ் அப்பிடி இல்ல. அதுக்குள்ள ஒரு பிஸ்டன் காத்த அமுக்கி அமுக்கி அடிக்கும், நிமிஷத்துக்கு நாலாயிரம் அஞ்சாயிரம் அடிதான், ஆனா ஒவ்வொரு அடியும் சுத்தியலால அடிச்ச மாதிரி, நீங்க தள்ளவே தேவல்ல, புடிச்சிக்கிட்டு நின்னா போதும். லின்டல்ல 6 எம்எம் ஓட்ட ஒன்னுக்கு இம்பெக்ட் ட்ரில் ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் எடுக்கும், எஸ்டிஎஸ் ஒரு சில செக்கன்ல உள்ளுக்கு போயிரும்.

அப்ப எஸ்டிஎஸ் எடுத்தா என்னன்னு கேப்பீங்க. உங்க கூட்டாளி சொன்னது பிழை இல்ல, நாள் முழுக்க கொங்கிரீட் தொளைக்கிறவங்களுக்கு அதுதான் சாமான், நானும் வேலைக்கு அததான் பாவிக்கிறேன். ஆனா கணக்கு போட்டு பாருங்க. நாலு ஜன்னல், ஒரு ஜன்னலுக்கு ரெண்டு பிராக்கெட், ஒரு பிராக்கெட்டுக்கு ரெண்டு ஸ்க்ரூ, மொத்தம் 16 ஓட்ட. ஒரு காலையில முடியிற வேல. அதுக்கப்பறம் உங்களுக்கு வரப்போறது புளொக் கல்லுல கொஞ்சம், மிச்சம் மரத்துல தகரத்துல வேல, அதுக்கு எஸ்டிஎஸ் ஒத்து வராது, பாரம் மூனு கிலோ போல, சாதாரண உருண்ட பிட்டு நேரா மாட்ட ஏலாது, அதுக்குன்னு தனி சக் மாட்டணும், அத மாட்டுனா முனை ஆடும், ஸ்க்ரூ முறுக்க போனா தலைய மழுக்கிரும். ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு மெஷின்னா அது எஸ்டிஎஸ் இல்ல. லின்டல் ரொம்ப மல்லுக்கட்டுனா வயரிங் பாஸ் (வேலக்காரர்) ஒருத்தர்கிட்ட அரைநாளைக்கு கேட்டு வாங்குங்க.

இந்த 48 வோல்ட் விசயத்த கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா இதுல நானே அடிபட்டிருக்கேன். தனியா வேல தொடங்குன புதுசுல டவுன்ல ஒரு கடையில பொட்டி பூரா சாமான் நெறஞ்ச பேட்டரி ட்ரில் ஒன்னு எடுத்தேன், பேட்டரியில பெரிய எழுத்துல 48ன்னு போட்டிருந்துச்சு. மூனாவது மாசம் ஒரு பேட்டரி செத்துருச்சு, ரெண்டாவது பத்து ஸ்க்ரூவுக்கே மூச்சு வாங்குது. செத்த பேட்டரிய கழட்டி பாத்தேன். உள்ளுக்கு அஞ்சே அஞ்சு செல்லு. ஒரு லித்தியம் செல்லு 3.6 வோல்ட், அப்ப அஞ்சு செல்லு 18 வோல்ட். முழுசா சார்ஜ் ஆகும்போது ஒரு செல்லு 4.2 வரைக்கும் போகும், அப்ப 21. மத்த பேட்டரிய மீட்டர் வெச்சு பாத்தா சார்ஜ் முடிஞ்ச கையோட 20 சொச்சம் காட்டுச்சு. 48 வோல்ட் வரணும்னா 13 செல்லு வேணும், உள்ளங்கையில அடங்குற பொட்டிக்குள்ள 13 செல்லு எப்பிடி போகும்? 18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ், 21 வோல்ட்னு வெவ்வேற பேர்ல விக்கிறதெல்லாம் அதே அஞ்சு செல்லுதான். 12 வோல்ட்னு விக்கிறது மூனு செல்லு, ஓடும்போது 10.8. இது தெரிஞ்சா 48, 88, 128ன்னு எழுதியிருக்கிற நம்பரெல்லாம் வோல்ட்டே இல்லன்னு வெளங்கிரும். அந்த மாதிரி பொட்டியில ஒரு பேட்டரிக்கு எத்தன ஆம்பியர் அவர்னு, அதான் எவ்வளவு சார்ஜ் புடிக்கும்னு எழுதியிருக்கான்னு தேடுங்க. அது எங்கயும் இல்லன்னா வெச்சிட்டு வந்துருங்க.

நல்ல பேட்டரி ட்ரில்ல நான் கொற சொல்லல. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டுனப்ப கரண்ட் ட்ரில் வெச்சிருந்த பாஸ்மாரெல்லாம் கைய கட்டிக்கிட்டு இருந்தாங்க, பேட்டரி வெச்சிருந்தவங்க வேல செஞ்சாங்க. கூரையில ஏறி நிக்கும்போது வயர் காலுக்குள்ள சிக்காது. ஸ்க்ரூ முறுக்க அத மாதிரி சொகமான சாமான் இல்ல, சக்குக்கு பின்னால இருக்கிற வளையத்துல நம்பர் திருப்பி வெச்சா ஸ்க்ரூ போதுமான அளவு எறங்குனதும் கடகடன்னு சத்தம் போட்டு நின்னுக்கும். ஆனா செவுத்து வேலைன்னு வரும்போது, 18 வோல்ட் 2 ஆம்பியர் அவர் பேட்டரியில இருக்கிற மொத்த சக்தி 36 வாட் அவர், 600 வாட் கரண்ட் ட்ரில் முழு இழுவையில மூனரை நிமிஷத்துல தின்னுறது அவ்வளவுதான். பேட்டரி மோட்டர் கொஞ்சம் சிக்கனமா ஓடும்தான், இருந்தாலும் 16 லின்டல் ஓட்டைக்கு எத்தன தரம் சார்ஜ் போடணும்னு நீங்களே யோசிங்க. மச்சான் சொல்ற 12 வோல்ட்ல சுத்தியல் பொத்தான் உள்ளதும் இருக்கு, ஆனா லின்டல்ல அது கஷ்டப்படும். பேட்டரிக்கு இன்னொரு விசயம், அஞ்சாறு வருஷத்துல செல்லு வயசாகும், புது பேட்டரி விலை ட்ரில்லு விலையில பாதிக்கு வந்து நிக்கும். கரண்ட் ட்ரில்லுக்கு அந்த வயசு இல்ல, மோட்டருக்குள்ள தேயிற காபன் கட்டைய மாத்தி மாத்தி பதினஞ்சு வருஷம் ஓட்டுறவங்கள எனக்கு தெரியும். அதனால கரண்ட் ட்ரில் மொதல்ல, பேட்டரி ட்ரில் ரெண்டாவதா, கை கொஞ்சம் தாராளமாகும்போது, மகீடா பொஷ் டிவோல்ட் இன்கோ டோட்டல்னு எதுவா இருந்தாலும் ஒரே பேட்டரியில மத்த சாமானும் ஓடுற குடும்பமா பாத்து எடுங்க.

கடையில என்ன பாக்கணும். மொதல்ல உடம்புல ரெண்டு பக்கமும் காசு அளவுல வட்டமா மூடி இருக்கான்னு பாருங்க, ஸ்க்ரூட்ரைவர் வெச்சு கழட்டுற மாதிரி. அதுக்குள்ளதான் காபன். அந்த மூடி வெளியில இருந்தா காபன் தேஞ்சா நீங்களே மாத்தலாம், இல்லன்னா முழு மெஷினையும் தொறக்கணும். அடுத்தது, நீளமான பிட்டு ஒன்ன மாட்ட சொல்லி மெதுவா சுத்த விட்டு முனைய பாருங்க, முனை ஒரு புள்ளியில நிக்கணும், வட்டம் போட்டா சக்கோ தண்டோ வளைவு, வேணாம். சுவிட்ச மெதுவா அமுக்குனா மெதுவா சுத்தி, அமுக்க அமுக்க வேகம் கூடணும், தொட்டதும் பறந்துச்சின்னா அதால ஓட்டைய ஆரம்பிக்க ஏலாது, டைல்ஸ்ல வெச்சா வழுக்கிக்கிட்டு ஓடும். ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற வாட் அது இழுக்கிற கரண்ட், வெளியில குடுக்கிற பலம் இல்ல. 1200 வாட்னு போட்டுட்டு தூக்குனா பஞ்சு மாதிரி இருந்தா நம்பாதீங்க, மோட்டருக்குள்ள செப்பு கம்பி இருந்தா பாரம் இருக்கும். பேரெடுத்த பிராண்ட்டுக்கு நிறம் முதக்கொண்டு அப்பிடியே கொப்பி அடிச்ச சாமானும் உலாவுது, வொரண்டி கார்ட்ல முத்திரையும் திகதியும் அடிச்சு குடுக்கிற கடையா பாத்து வாங்குங்க. பொஷ்ல பச்ச நிறம் வீட்டு பாவனைக்கு, நீல நிறம் தொழில் செய்றவங்களுக்குன்னு கம்பெனியே பிரிச்சு வெச்சிருக்கு, வீட்டுக்கு பச்ச தாராளமா போதும். கொழும்பு போற யாராவது இருந்தா பழைய சோனகத் தெரு பக்கம் விசாரிக்க சொல்லலாம், விலை கொறயும், ஆனா பழுதானா திரும்ப அங்கதான் போகணும், பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் போயிரும். நானா இருந்தா நம்ம டவுன்லயே எடுப்பேன்.

பிட்டுக்கு வாறேன். நல்ல ட்ரில்லும் மட்டமான பிட்டும் வெச்சிருக்கிறவர விட, சுமாரான ட்ரில்லும் நல்ல பிட்டும் வெச்சிருக்கிறவர் வேலைய முடிச்சிட்டு தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருப்பாரு. நூறு பிட்டு உள்ள பொட்டி வாங்காதீங்க, தனித்தனியா வாங்குங்க. செவுத்துக்கு 6 எம்எம் ரெண்டு, 8 எம்எம் ஒன்னு, முனையில சாம்பல் நிறத்துல ஒரு துண்டு ஒட்டியிருக்கும், அது டங்ஸ்டன் கார்பைட், அந்த துண்டு தண்ட விட கொஞ்சம் அகலமா நிக்கணும். இரும்பு தகரத்துக்கு எச்எஸ்எஸ் பிட்டு 3, 4, 5. மரத்துக்கு நடுவுல ஊசி முனை உள்ளது. செவுத்து பிட்டால மரத்த தொளைக்கிறது, இரும்பு பிட்டால செவுத்த தொளைக்கிறது ரெண்டும் வேணாம், இரும்பு பிட்ட சீமெந்துல வெச்சா பத்து செக்கன்ல முனை கருகிரும்.

ஓட்டைக்குள்ள எறக்கி ஸ்க்ரூ முறுக்குற ரோல் பிளக்கும் பிட்டுக்கு தக்கன எடுங்க, 6 எம்எம் பிளக்குக்கு 6 எம்எம் பிட்டு. நம்ம வாயில ரோல் பிளக்னு வாறது ஒரு ஆளோட பேரு. ஜோன் ரோலிங்ஸ்னு லண்டன்ல ஒருத்தர் 1911ல செவுத்த ஒடைக்காம சாமான் மாட்டுறதுக்காக கண்டுபிடிச்சது. அதுக்கு முன்ன எல்லாரும் செவுத்துல பெரிய குழி வெட்டி மரக்கட்டை எறக்கித்தான் ஆணி அடிச்சாங்க. நைலோன்ல இப்ப இருக்கிற மாதிரி 1958ல கொண்டு வந்தவர் ஜெர்மனிக்காரர் ஆர்தர் ஃபிஷர். மரக்கட்டை கதைய ஏன் சொல்றேன்னா பெரியம்மா காம்பராவுக்கு அது திரும்ப வேணும்.

லின்டல்ல ஓட்ட போடுற விதம் இதுதான். பிராக்கெட்ட வெச்சு பென்சிலால குறிங்க. ஆணி நுனியால குறியில லேசா ஒரு குழி குத்துங்க, பிட்டு வழுக்காம நிக்க. பிட்டுல உள்ளுக்கு போக வேண்டிய நீளத்துக்கு டேப் சுத்துங்க, 6 எம்எம் பிளக்குக்கு பிளக்கு நீளத்தோட அஞ்சு எம்எம் கூட போதும். சுத்தியல் பொத்தான போடாம மெதுவா சுத்தி மேல் பூச்ச மட்டும் தொளைங்க, பூச்சு அரை இஞ்ச் முக்கா இஞ்ச் இருக்கும், மொதல்லயே சுத்தியல போட்டா பூச்சு தகடு தகடா உழும், புது பெயிண்ட் அடிச்ச வீட்டுல அது மனசுக்கு ரொம்ப கஷ்டம். தூள் நிறம் மாறி பிட்டு இறுகுனதும் சுத்தியல போடுங்க, ரெண்டு கையாலயும் புடிச்சு நேரா உடம்பு பாரத்த குடுங்க. பத்து செக்கனுக்கு ஒருக்கா சுத்த விட்டபடியே வெளிய இழுத்து தூள எடுங்க. தூள் உள்ளுக்கு நின்னா பிட்டு சூடேறி நீலமாகும், நீலமான பிட்டு முடிஞ்சுது. தூள் வராம சத்தம் மட்டும் கீச்சுன்னு மாறுனா கம்பியில பட்டிருக்கு, தள்ளாதீங்க, செவுத்து பிட்டு கம்பிய வெட்டாது, ஒரு இஞ்ச் தள்ளி வேற ஓட்ட போடுங்க. இன்னொரு வழியும் இருக்கு, லின்டல் உயரம் பெரும்பாலும் ஆறு இஞ்ச் போலத்தான், ரொட்ட அதுக்கு மேல எட்டு ஒம்பது இஞ்ச்ல போட்டா புளொக் கல்லு வந்துரும், ஓட்ட சுகமா உழும், ஜன்னலும் உயரமா தெரியும். தட்டி பாத்து முடிவெடுங்க.

புளொக் கல்லுல இதுக்கு நேர் மாறு. அங்க சுத்தியல் வேணாம், வெறும் சுத்துலயே போயிரும். சுத்தியல் போட்டா பொந்து பக்கம் உள்ளுக்குள்ள சில்லு ஒடஞ்சு உழுந்து, முன்னால 6 எம்எம் தெரியும், பின்னால பெரிய குழியா இருக்கும், பிளக்கு புடிக்காது, சும்மா சுத்தும். குசினி தட்டுக்கும் டீவிக்கும் இதுதான் பிரச்சின. டீவி பிராக்கெட்ட கல்லும் கல்லும் சேர்ற எடத்துல, இல்லாட்டி பொந்து இல்லாத கெட்டி எடத்துல வர்ற மாதிரி நகர்த்தி பாருங்க, தட்டி பாத்தே கண்டுபிடிக்கலாம். முடியலன்னா பொந்துக்குள்ள போய் விரியிற டொகிள் போல்ட் கேட்டு வாங்குங்க. இழுத்து அசைச்சு பாத்துட்டுத்தான் டீவிய மாட்டணும்.

ட்ரில் வைக்கிறதுக்கு முன்ன சுவிட்சு பிளக் பொயிண்ட் எங்க இருக்குன்னு பாருங்க, பெரும்பாலும் அதுக்கு நேரா மேலயும் கீழயும் வயர் ஓடும், அந்த கோட்டுல ஓட்டயே வேணாம். குசினியில டெப்புக்கு நேரா தண்ணி பைப்.

லயத்து செவுரு இது எதுலயும் சேராது. வெள்ளக்காரன் காலத்துல கட்டுன லயத்துல கருங்கல்லையும் மண்ணையும் சுண்ணாம்பையும் வெச்சு கட்டி மேல பூசியிருப்பாங்க. பிட்ட வெச்சதும் மொதல் ஒரு இஞ்ச் வெண்ண மாதிரி போகும், செவப்பு மண்ணு கொட்டும், அப்பறம் சடார்னு கல்லுல முட்டி பிட்டு ஒரு பக்கமா ஓடும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல மண்ணுல ரோல் பிளக் எறக்குனா ரெண்டு நாள்ல கையோட வரும். பெரியம்மாவுக்கு சாமி தட்டுக்கு நான் செய்ற மாதிரி செய்ங்க. குறிச்ச எடத்துல மண்ண சுரண்டி ஒன்றரை இஞ்ச் அகலம் மூனு இஞ்ச் ஆழம் குழி எடுங்க, காஞ்ச டர்பன்டைன் மரக்கட்டையில உள்பக்கம் கொஞ்சம் பருத்து வெளிப்பக்கம் சிறுத்த மாதிரி ஆப்பு ஒன்னு வெட்டுங்க, குழிய தண்ணி தெளிச்சு நனச்சு, சீமெந்து மணல் கலவைய உள்ளுக்கு அமுக்கி, கட்டைய செவுத்தோட மட்டமா எறக்கி விட்டுருங்க. மூனு நாலு நாள் தொடாதீங்க. அப்பறம் கட்டையில 3 எம்எம் ஓட்ட போட்டு ஸ்க்ரூ முறுக்குங்க, டர்பன்டைன் இறுகுன மரம், ஓட்ட போடாம முறுக்குனா ஸ்க்ரூ தலை முறியும் இல்லாட்டி கட்டை வெடிக்கும். குத்துவெளக்கு, சாமி படம், தேங்கா எல்லாம் வெச்சாலும் அசையாது.

ஒன்னு மட்டும் மறக்காதீங்க, லயத்துல செவுத்துக்கு அந்தப்பக்கமும் ஒரு குடும்பம் இருக்கு. ட்ரில் போடுறதுக்கு முன்ன அவங்ககிட்ட சொல்லி செவுத்துல மாட்டியிருக்கிற படம், கண்ணாடிய எறக்க சொல்லுங்க, புள்ள தூங்குற நேரமான்னும் கேளுங்க.

லயத்து கூரையிலயோ வேற எங்கயோ அஸ்பெஸ்டஸ் சீட் இருந்தா அதுல ட்ரில் வைக்காதீங்க. இத நான் கெஞ்சி கேக்குறேன். வேகமா சுத்துற பிட்டு அதுல இருந்து கண்ணுக்கு தெரியாத நார எழுப்பும், அது நெஞ்சுக்குள்ள போனா திரும்ப வராது, இருபது முப்பது வருஷம் கழிச்சு நொரையீரல் நோயாவும் புத்துநோயாவும் வருது, எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புத்துநோய் தரும்னு உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருக்கு. தவிர்க்கவே ஏலாத எடம்னா தண்ணி ஊத்தி ஊத்தி கையால சுத்துற ட்ரில்லால மெதுவா போடணும், தூசிக்கான நல்ல மாஸ்க் போடணும், துணிய மூக்குல கட்டுறது காணாது, உழுந்தத வெளக்குமாத்தால கூட்டாம ஈரத்துணியால ஒத்தி எடுக்கணும், புள்ளைங்க கிட்ட வரக்கூடாது. உங்க கொட்டிலுக்கு தகரம்னு சொன்னீங்க, நல்லது. அதுக்கு முனையிலயே பிட்டு உள்ள கூரை ஸ்க்ரூ வரும், ரப்பர் வாஷரோட, 8 எம்எம் காந்த சொக்கட் ஒன்ன ட்ரில்லுல மாட்டி முறுக்குங்க. தகரத்தோட மேட்டுல முறுக்குங்க, பள்ளத்துல முறுக்குனா தண்ணி அது வழியாத்தான் எறங்கும். ரப்பர் பிதுங்குற வரைக்கும் இறுக்காதீங்க. ஜூன் ஜூலை காத்துக்கு ஓர வரிசையில ஸ்க்ரூ நெருக்கமா இருக்கணும்.

கரண்ட் விசயம். வெளிநாட்டுல இருந்து வாற ட்ரில்லுல நெறையவே ரெண்டு உருண்ட கால் பிளக்கோட வருது, அத 13 ஆம்பியர் சதுர ஓட்டையில போட பேனாவ மேல் ஓட்டையில குத்தி தள்ளுவாங்க, நம்ம வீடுகள்ல எல்லாரும் செய்றதுதான், செய்யாதீங்க, லூசா நின்னு பொறி தட்டி சொக்கட் கருகும். பிளக்க வெட்டிட்டு பியூஸ் உள்ள 13 ஆம்பியர் பிளக் போடுங்க, உள்ளுக்கு 5 ஆம்பியர் பியூஸ், 700 வாட் ட்ரில் 230 வோல்ட்ல மூனு ஆம்பியர்தான் இழுக்குது. ட்ரில் உடம்புல சதுரத்துக்குள்ள சதுரம் போட்ட அடையாளம் இருந்தா ரெட்டை காப்பு, எர்த் வயர் இல்லாம வாறது அதுக்காகத்தான், பயப்பட வேணாம். அந்த அடையாளமும் இல்ல, எர்த்தும் இல்லன்னா அத வாங்காதீங்க. வீட்டுல கரண்ட் கசிஞ்சா தானா உழுகுற ட்ரிப் சுவிட்ச் இருக்கு, அதுல இருக்கிற டெஸ்ட் பொத்தான அமுக்கி உழுகுதான்னு பாத்துட்டு வேலைய தொடங்குங்க. பெரியம்மா வீட்டு பழைய வயரிங்ல ட்ரிப் சுவிட்ச் இல்லன்னா அங்க ஈரத்தரையில, வெறுங்காலோட ட்ரில் புடிக்காதீங்க.

நம்ம குளிருக்கு எல்லாரும் கழுத்துல மப்ளர், மேல ஜெர்சி. ட்ரில் புடிக்கும்போது மப்ளர கழட்டி வைங்க, ஜெர்சி கைய மேல ஏத்துங்க, கை உறையும் வேணாம். சுத்துற சக்குல நூல் ஒன்னு மாட்டுனா செக்கனுக்குள்ள கழுத்து வரைக்கும் சுத்திரும். வேலைக்கு வாற பொடியன்மாருக்கு நான் மொத நாள் சொல்லிக்குடுக்கிறதே இதுதான். கண்ணுக்கு கண்ணாடி, தலைக்கு மேல தொளைக்கிறதுன்னா கட்டாயம்.

பின்ன நம்ம ஊரு ஈரம். பனியும் மழையும் பூந்து ஆறு மாசத்துல பிட்டு துரு புடிச்சிரும், சக்கு இறுகிரும். வேல முடிஞ்சதும் பிட்ட தொடச்சு தையல் மெஷின் எண்ண ஒரு சொட்டு தடவி மூடி உள்ள டின்னுல போடுங்க, சப்பாத்து பொட்டியில வாற சிலிக்கா பக்கெட் ரெண்ட கூட போட்டு வைங்க. ட்ரில்ல சீமெந்து தரையில வைக்காம அலுமாரிக்கு மேல வைங்க. பிறகு பேட்டரி ட்ரில் எடுத்தா அத பாதி சார்ஜ்ல வைங்க, உறைபனி விழுற ஜனவரி காலையில வெளியில கிடந்த பேட்டரிய நேரா சார்ஜ்ல போடாம வீட்டுக்குள்ள வெச்சு குளிர் போனதுக்கப்பறம் போடுங்க, சித்திரையிலயும் ஐப்பசியிலயும் பின்னேரம் இடி மின்னல் தொடங்குனா சார்ஜர கழட்டிருங்க.

கடைசியா கேட்டிருந்தீங்களே, தெரிஞ்ச பாஸ் ஒருத்தர் பழைய கரண்ட் ட்ரில் கொறஞ்ச விலைக்கு தாறேன்னு சொல்றாருன்னு. வாங்கலாம். ரெண்டு நிமிஷம் ஓட விட்டு காத்து ஓட்டை வழியா பாருங்க, நீலப்பொறி சின்னதா வந்தா பரவால்ல, மஞ்சளா வட்டம் கட்டி சுத்துனா மோட்டர் முடியப்போகுது. கருகுன மணம் வந்தா வேணாம். சக்க கையால புடிச்சு மேலயும் கீழயும் அசைச்சு பாருங்க, ஆட்டம் இருந்தா பெயாரிங் போயிருச்சு. சுத்தியல போட்டு ஒரு சீமெந்து கல்லுல வெச்சு பாருங்க, குத்து கைக்கு தெரியணும். இதெல்லாம் சரின்னா புதுசு விலையில பாதிக்கு கேளுங்க, காபன் ஒரு சோடியும் சக் சாவியும் சேத்து தர சொல்லுங்க.